உச்சிக்கல்லை இறக்கிய முள்ளம்பன்றி

குளத்துப் பாறையின் அடியில் நின்று, முள்ளம்பன்றி சிலுப்பி கூட்டத்தை எண்ணினாள். போன மாதம் நூறு பேருக்குக் குறையாமல் இருந்த இடம். இன்றைக்குப் பதினொரு பேர்! அவள் முதுகிலிருந்த முட்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் விறைத்து நின்றன. முள்ளம்பன்றிக்கு அதிர்ச்சி வந்தால் மறைக்கவே முடியாது, பாவம்.

"ஐயையோ! எங்கே போனாங்க எல்லாரும்?" என்று அலறினாள்.

சிலுப்பி அந்தப் பாறை ஆட்டத்தின் காவல்காரி. ஆட்டம் இதுதான். பாறையில் ஏழு படிகள். கீழே இருப்பதைவிட மேலே இருப்பது வழுக்கும். யாரும் சிறகு விரிக்கக் கூடாது. ஒருவருக்கொருவர் கை கொடுக்கலாம், ஆனால் தூக்கிச் சுமக்கக் கூடாது. ஏழாவது படிக்கு மேலே, உச்சியில், பூசணிக்காய் அளவில் ஒரு கருங்கல் உட்கார்ந்திருந்தது. ஏறிப் போனவர் அதை அடித்தால் 'ணங்ங்ங்' என்று ஓசை கிளம்பும். அந்த ஓசை காடு முழுக்கக் கேட்கும். மேய்கிற மான் வாயில் புல்லோடு நிமிரும். "யாரோ உச்சி ஏறிட்டாங்கடா!" என்று காடே அண்ணாந்து பார்க்கும்.

விளையாட்டுதானே என்று நினைக்க வேண்டாம். அந்தக் காட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. கல்லோசை கேட்கிற வரை பாறையும் குளமும் எல்லோருக்கும் பொது. மூன்று நாள் தொடர்ந்து ஓசை கேட்காவிட்டால் அது பாழிடம். பாழிடத்தில் யார் முதலில் படுக்கிறாரோ அவருக்கே அது சொந்தம். கோடையில் அந்தக் காட்டில் தண்ணீர் இருந்தது அந்த ஒரு குளத்தில் மட்டும்தான். பாறையில் படுக்க நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தவன் சிறுத்தை புள்ளியன். அவன் அங்கே படுத்தால், அப்புறம் தண்ணீர் குடிக்க எந்த மான் வரும்? எந்த முயல் வரும்?

கீழே நின்று பார்க்க ஆளில்லாவிட்டால் யார் மேலே ஏறி அடிப்பார்கள்? அதனால்தான் சிலுப்பிக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டது.

வந்திருந்த பதினொரு பேரில் முயல் துத்தியும் ஒருத்தி. அவள் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "எங்களால ஏற முடியலைக்கா! வருஷக்கணக்கா கீழே நின்னு கழுத்து வலிக்குது. மேலே போறதெல்லாம் மருதனும் அவன் கூட்டாளிகளும்தான். அந்த முதல்..."

"புரிஞ்சுது, புரிஞ்சுது!" என்றாள் சிலுப்பி. மிச்சத்தைக் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை.

மருதன் ஒரு கருமந்தி. நல்ல ஆட்டக்காரன். வாய்தான் கொஞ்சம் நீளம். நான்காவது படியில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு, "முடியலைன்னா போய்ப் புல்லு மேயுங்க!" என்று சிரித்தான். துத்தி திரும்பிப் போய்விட்டாள். அவளோடு இன்னும் ஆறு பேர் போனார்கள்.

அன்று பிற்பகல் புதரோரமாகப் புள்ளியன் வந்தான். குரலில் தேன் ஒழுகியது.

"என்ன தங்கச்சி, முகம் வாடிக் கிடக்கு?"

"ஆட்டத்துக்கு ஆள் வரலை அண்ணே."

"அடடா! சின்ன ஜீவன்கள் எத்தனை நாள்தான் அண்ணாந்து பார்க்கும்? எனக்கே மனசு கேட்கலை. நீ ஒண்ணு செய். அந்தக் கல்லைக் கீழே இறக்கி வெச்சிடு. வர்றவன் அடிக்கட்டும், போறவன் அடிக்கட்டும். கூட்டம் எப்படி வருதுன்னு பாரு!"

ஒரு நாள்கூட அந்தப் பாறையில் கால் வைக்காதவன் ஆட்டத்துக்கு யோசனை சொல்கிறான். சிலுப்பி ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். ஆனால் பயந்தவளுக்கு எந்த யோசனையும் நல்ல யோசனையாகத்தான் படும். பின்பக்கத்துச் சரிவு வழியாக, மூச்சு வாங்க, சாயங்காலத்துக்குள் மேலே போய்ச் சேர்ந்தாள். காவல்காரிக்கு மட்டும் உள்ள வழி அது. கல்லை ஒரு முட்டு முட்டினாள். அது உருண்டு, குதித்து, குளத்தங்கரை மண்ணில் வந்து விழுந்தது.

மறுநாள் திருவிழாதான்! உடும்பு வந்தது, கீரி வந்தது, வழியில் போன காட்டுப்பன்றிகூடக் குடும்பத்தோடு வந்தது. வரிசையில் நின்று ஆளுக்கொரு தட்டுத் தட்டினார்கள். "நானும் அடிச்சிட்டேன்! நானும் அடிச்சிட்டேன்!" என்று ஒரே கூச்சல். கல் 'தொம், தொம்' என்றது. அந்தக் கூச்சலில் அதை யார் கவனித்தார்கள்? சிலுப்பிக்கு வாயெல்லாம் பல்.

இரண்டாம் நாள் பாதிக் கூட்டம்தான் வந்தது. "வெயில் அதிகம், அதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் பாறையடிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒருவர்கூட இல்லை!

கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். பாறை இருந்தது. கல் இருந்தது. குளத்தில் ஒரு தவளை இருந்தது, அதுவும் அவளைப் பார்த்ததும் தண்ணீருக்குள் குதித்தது. மருதன் இல்லை. கீழே நிற்கிற கூட்டமும் இல்லை. எளிதாக ஆக்கிக் கொடுத்த பிறகும் இல்லை!

"தங்கச்சி, இன்னிக்கு மூணாம் நாள்!" என்றது ஒரு குரல்.

திரும்பினாள். புள்ளியன் பாறை நிழலில் நின்று நகத்தை நக்கிக்கொண்டிருந்தான். இப்போது குரலில் தேன் இல்லை.

"எது மூணாம் நாள்?"

"ஓசை கேட்டு."

"என்ன சொல்றே? ரெண்டு நாளா அத்தனை பேர் அடிச்சாங்களே!"

"அடிச்சாங்க. யாருக்குக் கேட்டுச்சு? நீயே அடிச்சுப் பாரு."

சிலுப்பி ஓடிப் போய்க் கல்லை ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

தொம்.

பத்தடி தள்ளி வந்து நின்றிருந்த கொக்குகூடத் தலையைத் திருப்பவில்லை. அவள் முதுகிலிருந்து நாலைந்து முட்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"பொழுது சாயட்டும், வந்து படுத்துக்கறேன். நல்ல குளிர்ச்சியான இடம்" என்று சொல்லிவிட்டுப் புள்ளியன் வாலை ஆட்டிக்கொண்டே போனான்.

சிலுப்பி ஓடினாள். அவள் வாழ்நாளில் அப்படி ஓடியதே இல்லை. நாவல் மரத்தடியில் மருதன் மல்லாந்து படுத்திருந்தான்.

"மருதா! எழுந்திரு! கல்லை மேலே ஏத்தணும்!"

"எதுக்கு?" மருதன் கண்ணைத் திறக்கவில்லை. "ஏழு மழைக்காலம் வழுக்கி விழுந்து ஏறினேன், சிலுப்பி. ஒரு தடவை தோள்பட்டை கழண்டு போச்சு. உச்சியில போய் ஒரு அடி அடிச்சா காடே என்னைப் பார்க்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அத்தனையும். முந்தாநாள் காட்டுப்பன்றி தூக்கக் கலக்கத்துல வந்து அதை முதுகு சொறியத் தேச்சிட்டுப் போகுது. 'நானும் உச்சிக்கல்லைத் தொட்டவன்'னு சொல்லிக்குது! இனி எனக்கு அங்கே என்ன வேலை?"

அவன் சொன்னது நியாயம் என்று சிலுப்பிக்குத் தெரிந்தது. இவனுக்காவது காரணம் இருக்கிறது. ஆனால் அந்தச் சின்னப் பிராணிகள்? அவர்களுக்காகத்தானே இறக்கினோம்! புல்வெளிக்கு ஓடினாள். துத்தி அறுகம்புல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி வரலை? கல்லைக் கீழேயே வெச்சேனே!"

"அடிச்சாச்சேக்கா" என்றாள் துத்தி.

"அடிச்சா?"

"அவ்வளவுதானே! அப்புறம் அங்கே என்ன இருக்கு? அண்ணாந்து பார்த்தேன், மேலே வெறும் பாறை. எதுக்கு ஏறணும்?"

"நீதானே சொன்னே, ஏற முடியலைன்னு!"

துத்தி புல்லைக் கீழே போட்டாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"முதல் படி உயரம்னு சொல்ல வந்தேன்! அது என் காதுக்கு மேலே இருக்கு, கால் வைக்கவே வழியில்லை. அதைச் சொல்றதுக்குள்ள 'புரிஞ்சுது'ன்னுட்டே. உச்சி உயரமா இருக்குன்னு நான் எப்போக்கா சொன்னேன்? எனக்கு ஏறணும். கல்லை இறக்கச் சொல்லி யார் கேட்டா?"

சிலுப்பி தலையில் அடித்துக்கொண்டாள். காலையில் வந்த அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முதல் படிக்கு அரைநாள் மண் கொட்டியிருந்தால் போதும். தோண்டுகிற வேலைதானே, அவளுக்கு அது கைவந்த வேலை! அதை விட்டுவிட்டு ஆட்டத்தின் தலையையே வெட்டிப் போட்டிருக்கிறாள்.

"தப்புப் பண்ணிட்டேன் துத்தி" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. புள்ளியன் சொன்னதையும் சொன்னாள்.

குளம் போகப்போகிறது என்ற செய்தி காட்டில் பரவச் சிறிது நேரம்தான் ஆயிற்று. முதலில் கூட்டாளிகளோடு ஓடி வந்தவன் மருதன்தான். என்னதான் வீராப்பு இருந்தாலும் அவனும் தண்ணீர் குடிக்க வேண்டுமே!

ஆனால் பின்பக்கத்துச் சரிவில் கல் ஏறவில்லை. மண் சறுக்கியது. படி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். கருமந்திகள் ஐந்து பேர் கல்லைத் தூக்கினார்கள். முதல் படிக்கு ஏற்றினார்கள், அது வழுக்கிக் கீழே வந்தது. மறுபடியும் தூக்கினார்கள், மறுபடியும் வந்தது.

"அடியிலே யாராவது முட்டுக் கொடுக்கணும்!" என்று மருதன் கத்தினான். "இங்கே ஏறி நிக்கச் சின்ன ஆளுங்க வேணும்!"

"ஏற வழி எங்கே இருக்கு? நீதானே புல்லு மேயச் சொன்னே?" என்றாள் துத்தி.

மருதன் முகம் சுருங்கியது. "சொன்னேன். புத்தி கெட்டுச் சொன்னேன். இப்போ வாம்மா!"

சிலுப்பி மண்ணைத் தோண்டத் தொடங்கினாள். பின்னங்காலால் தள்ளித் தள்ளி முதல் படிக்குச் சரிவு ஒன்று போட்டாள். காட்டுப்பன்றி மூக்கால் முட்டி அதை இறுக்கியது. சொறிந்துகொண்ட பாவத்துக்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்வோம். முயல்களும் கீரிகளும் அந்தச் சரிவில் ஏறி முதல் முறையாகப் பாறையில் நின்றார்கள். மந்திகள் தூக்க, சின்னவர்கள் அடியில் கூழாங்கல் வைத்து முட்டுக் கொடுக்க, கல் படிப்படியாக ஏறியது. ஐந்தாவது படிக்கு மேல், மந்திகள் கை கொடுத்தும் சின்னவர்களால் ஏற முடியவில்லை. மருதன் துத்தியை மட்டும் முதுகில் ஏற்றிக்கொண்டு போனான்.

சூரியன் மரக்கிளைகளுக்குள் இறங்கும் நேரம். கல் உச்சியில் தன் பழைய குழியில் உட்கார்ந்தது. கீழே புள்ளியன் வந்து நின்றுவிட்டான். மருதன் கையை ஓங்கி அடித்தான்.

தொம்.

எல்லோர் வாயும் திறந்தபடி நின்றது. "ஐயோ! கல்லு செத்துப் போச்சு!" என்று கீழிருந்து சிலுப்பி கதறினாள். புள்ளியன் முதல் படியில் ஒரு காலை வைத்தான்.

துத்தி படுத்துக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "மருதண்ணே, கல்லைக் கொஞ்சம் சாய்ங்க! அடியிலே மூணு சின்னப் பள்ளம் இருக்கு. ஏதோ மூணு கூழாங்கல் இருந்து, உருட்டினப்போ சிதறிப் போயிருக்கு. கல்லு அது மேலேதான் உட்கார்ந்திருக்கணும்!"

ஏழு மழைக்காலம் அந்தக் கல்லை அடித்த மருதன் ஒரு நாளும் அதன் அடியில் குனிந்து பார்த்ததில்லை! அவன் சாய்த்துப் பிடிக்க, துத்தி முன்னங்காலை உள்ளே விட்டு, முட்டுக்கு வைத்திருந்த மூன்று கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் வைத்தாள்.

"நீயே அடி" என்றான் மருதன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

துத்தி முன்னங்காலைத் தூக்கினாள். பிறகு கீழே இறக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு நீங்க சுமந்துட்டு வந்தீங்க. நான் ஏறி வர்ற அன்னிக்கு அடிக்கறேன். சீக்கிரம் அடிங்கண்ணே, அவன் மூணாவது படிக்கு வந்துட்டான்!"

மருதன் அடித்தான்.

ணங்ங்ங்ங்!

காடே நிமிர்ந்தது. புல்வெளி மான்கள் நிமிர்ந்தன. கொக்கு திரும்பியது. மூன்றாவது படியில் நின்ற புள்ளியனுக்கு அந்த ஓசை காதுக்குள்ளேயே வெடித்தது. திடுக்கிட்டுக் கால் வழுக்கி, படிக்கொரு முட்டு வாங்கி, குளத்தில் 'தொபுக்கடீர்' என்று விழுந்தான். நனைந்த பூனையாகக் கரையேறியவன் யார் முகத்தையும் பார்க்காமல் நடையைக் கட்டினான்.

சிலுப்பியின் முட்கள் வெகுநேரம் கழித்துத்தான் படிந்தன.

மறுநாள் காலை பாறையடியில் நிற்க இடமில்லை. சிலுப்பி போட்ட மண்சரிவு அப்படியே இருந்தது. கல் உச்சியிலேயே இருந்தது. துத்தி முதல் படி ஏறினாள், இரண்டாவது படி ஏறினாள், மூன்றாவதில் வழுக்கிப் பொத்தென்று மண்ணில் வந்து விழுந்தாள்.

"வலிக்குதா?" என்று பதறினாள் சிலுப்பி.

"ரொம்ப!" என்றாள் துத்தி. மண்ணைத் தட்டிவிட்டு, உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடியும் முதல் படிக்கு ஓடினாள்.

எல்லோரும் உள்ளே வர வேண்டுமென்றால் முதல் படியைத் தாழ்த்த வேண்டும். வந்தவர்கள் தங்க வேண்டுமென்றால் உச்சியை இருந்த இடத்திலேயே விட்டுவைக்க வேண்டும்.