அரக்குப் பூச்சி உட்கார்ந்த கதை

அந்தக் காலத்தில் அரக்குப் பூச்சிக்கு நடக்கக் கால் இருந்தது. ஆண், பெண் இரண்டுக்கும் இறக்கையும் இருந்தது. கடுகில் பாதிகூடத் தேறாத அந்தச் சிவந்த பூச்சிகள் காலையில் இலந்தை மரம், வெயில் ஏறினால் புரச மரம், பொழுது சாய்ந்தால் அரச மரம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றின் பேச்சு மனிதர்களுக்கு விளங்கும். மனிதர்களின் பேச்சும் அவற்றுக்கு விளங்கும். அதனால் ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் அரை நாழிகையில் தெரிந்துவிடும்.

மலையடிவாரத்தில், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், பூவுலிங்கம் என்ற கடைசல்காரனும் அவன் மனைவி மாடத்தியும் குடியிருந்தார்கள். வெப்பாலைக் கட்டையைக் கடைந்து கிண்ணம் செய்வது அவர்கள் தொழில். கட்டையில் சுற்றிய கயிற்றின் இரண்டு முனைகளையும் மாடத்தி மாற்றி மாற்றி இழுப்பாள். கட்டை சுழலும். பூவுலிங்கம் உளியை வைப்பான். சீவல் சுருள் சுருளாகப் பறக்க, உள்ளேயிருந்து தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளையாக ஒரு கிண்ணம் வெளியே வரும்.

அவர்கள் வீட்டு வாசலில் ஒரு இலந்தை மரம் நின்றது. அங்கே வந்து போகும் பூச்சிகளில் செவ்வந்தி என்று ஒருத்தி. மாடத்திக்கு உயிர்ச் சிநேகிதி. கயிறு இழுக்கும்போது மாடத்தியின் தோளில் உட்கார்ந்து, எந்த மரம் துளிர்த்தது, எந்த மரம் பூத்தது என்று கதை சொல்லிக்கொண்டே இருப்பாள். மாடத்தியின் ஒரே மகள் வடிவு அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

வடிவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கடற்கரையில் உப்பளம் வைத்திருப்பவன். நல்ல பையன்தான். ஆனால் நாலு நாள் நடை. நிச்சயம் முடிந்த மறுநாள் வடிவு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அங்க மரமே கிடையாதாம். மண்ணும் வெள்ளை, தண்ணியும் வெள்ளை, குவிச்சு வச்சிருக்கிற உப்பும் வெள்ளையாம். அங்க போயி வெள்ளைக் கிண்ணத்துல வெள்ளைச் சோறு திங்கணுமா? நம்ம ஆத்தங்கரைச் செம்மண்ணு நிறத்துல எனக்கு ஒரு கிண்ணம் செஞ்சு தாயேன். சாப்பிட உக்காரும்போதெல்லாம் வீட்டைப் பாத்த மாதிரி இருக்கும்."

அதுவரை அந்த ஊரில் யாரும் மரக்கிண்ணத்துக்கு நிறம் ஏற்றியதில்லை. மகள் கேட்டுவிட்டாள், மாடத்தி அன்றைக்கே அடுப்பை மூட்டினாள்.

முதலில் மஞ்சளை இடித்துக் கொதிக்கவைத்துக் கிண்ணத்தை முக்கினாள். பளிச்சென்று நிறம் பிடித்தது. மூன்று நாள் வெயிலில் வைத்தாள், வெளுத்துப்போனது. சரி, மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தாள். அடேயப்பா, ரத்தச் சிவப்பு! வடிவு கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தாள். மத்தியானம் அதிலேயே சோறு போட்டுப் புளிக்குழம்பு ஊற்றினார்கள். குழம்பு பட்ட இடமெல்லாம் திரும்ப மஞ்சளாகிவிட்டது.

"குழம்பு கிண்ணத்தைத் தின்னுட்டுது" என்று பூவுலிங்கம் சிரித்தான். மாடத்தி சிரிக்கவில்லை.

அடுத்து, சாயமரக் கட்டையைச் சீவி ஒரு பகல் முழுக்க வேகவைத்தாள். அருமையான சிவப்பு. ஆனால் கடற்கரைக் காற்றில் உப்பு இருக்குமே என்று யோசித்து, கிண்ணத்தை உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் சிவந்தது, கிண்ணம் வெளிறியது. சாயத்தின் மேல் புன்னை எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தாள். சாயம் நின்றது. நாற்றமும் நின்றது. அந்தக் கிண்ணத்தை வைத்த பக்கமே யாராலும் போக முடியவில்லை.

ஒன்பது கிண்ணங்கள் பாழாயின. மாடத்தி கைகளைப் பார்த்தாள். விரல்களில் எல்லா நிறமும் ஏறியிருந்தது. கிண்ணத்தில்தான் ஒன்றும் நிற்கவில்லை. பட்டறைத் தூணில் சாய்ந்து அழுதாள்.

செவ்வந்தி தோளுக்கு வந்தாள். "மாடத்தியக்கா, எங்க உடம்புல இருக்கிற சிவப்பு தண்ணிக்கு அசையாது. நாங்க உக்காருற இடத்துல ஒரு பசை சுரக்கும். இந்தா, இந்தக் கிளையைப் பாருங்க, போன மழைக்கு முந்தி நான் விட்ட துளி. இன்னும் அப்படியே இருக்கு."

மாடத்தி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"நாங்க ஓரிடத்துல நிக்காம சுத்துறதால துளித் துளியாச் சிந்திப்போகுது. பொம்பளைங்க எல்லாரும் ஒரே கிளையில உக்காந்தோம்னா கட்டியா இறுகும்."

"அப்போ உக்காருவியா, செவ்வந்தி?"

"வடிவுக்காக உக்காருவேன். ஆனா நாப்பது நாளுதான். அதுக்கு மேல போனா காலும் இறக்கையும் பசையோட ஒட்டிப்போகும்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. பசை மூடினா எங்களுக்குப் பகலும் தெரியாது, இருட்டும் தெரியாது. எங்க ஆம்பளைங்களுக்கு எண்ணத் தெரியாது, நாள் கணக்கை நீங்கதான் வச்சுக்கணும். நாப்பதாம் நாள் கிளையைத் தட்டுங்க, எழுந்திருவோம்."

"தட்டுறேன். என் மக மேல சத்தியம்."

மறுநாள் காலை பெண் பூச்சிகள் எல்லாம் இலந்தை மரத்தின் ஒரு கிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தன. ஆண் பூச்சிகளுக்குப் பசை சுரக்காது. அவை வழக்கம்போலப் பறந்துகொண்டிருந்தன. மாடத்தி தினமும் விடிந்ததும் ஒரு கலயத்தில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டாள்.

நாற்பதாம் நாள் விடிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம். மாடத்தி கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளையைப் பார்க்கப் போனாள். வெங்காயத் தோல் கனத்துக்குத்தான் அரக்குப் பிடித்திருந்தது. பூவுலிங்கம் வந்து பார்த்துவிட்டு, "இது கிண்ணத்து விளிம்புக்குக்கூடக் காணாதே" என்றான்.

 மாடத்தி கையில் இருந்த கொட்டையைக் கலயத்தில் போடாமல் மடியில் செருகிக்கொண்டாள்.

ஒரு ஆண் பூச்சி பறந்து வந்து, "அக்கா, நாள் ஆயிட்டுதா?" என்று கேட்டது.

"முப்பத்தொம்பதுதான் ஆச்சு" என்றாள் மாடத்தி.

அடுத்த நாளும் அது வந்து கேட்டது. "நான் தப்பா எண்ணிட்டேன் போல. இன்னும் இருக்கு" என்றாள். அதற்கு அடுத்த நாள் அது கேட்கவே இல்லை. அவள் முகத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் பறந்துவிட்டுப் போய்விட்டது. அந்த இரண்டே நாளில் கிளையில் அரக்கு மளமளவென்று விரல் கனத்துக்கு ஏறியிருந்தது.

நாற்பத்து மூன்றாம் நாள் வடிவு அரைத்த மஞ்சளோடு வாசலுக்கு வந்தாள். "ஏம்மா, சித்தி இன்னும் எந்திரிக்கலையா? எனக்கு மஞ்சள் பூசும்போது வந்து தோள்ல உக்காருவேன்னு சொன்னாளே."

அதற்குள் உள்ளேயிருந்து பெண்கள் கூப்பிட, வடிவு திரும்பிப் போனாள். மாடத்தி ஓடிப்போய்க் கிளையைத் தட்டினாள். ஒன்றும் அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். "செவ்வந்தி! செவ்வந்தி!"

அரக்குக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "அக்கா, நாள் ஆயிட்டுதா?"

"ஆயிட்டுது."

"எத்தனை?"

பொய் சொல்ல இனி வாய் வரவில்லை. "நாப்பத்து மூணு" என்றாள்.

 செவ்வந்தி சொன்னாள்: "எழுந்திருக்கணும்னு நினைக்கிறேன் அக்கா. கால் எங்க இருக்குன்னே தெரியலை."

பூவுலிங்கம் கத்தியோடு வந்தான். "நடந்தது நடந்துபோச்சு. சுரண்டிக் கிண்ணத்தையாவது முடிப்போம். பிள்ளை வெறுங்கையோட போகவா?"

மாடத்தி கிளைக்குக் குறுக்கே நின்றாள். "இதுல நீங்க கையை வச்சீங்கன்னா, உங்க பட்டறையில இனி நான் கயித்தைத் தொட மாட்டேன்." அவன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போனான்.

கல்யாணம் முடிந்தது. வடிவு வெள்ளைக் கிண்ணத்தோடுதான் கடற்கரைக்குப் போனாள். என்ன நடந்தது என்று மாடத்தி அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு மாடத்தி தினமும் காலையில் ஊரைச் சுற்றி வர ஆரம்பித்தாள். செவ்வந்தி முன்பு சுற்றிய வழியிலேயே சுற்றினாள். திரும்பி வந்து கிளையில் வாயை வைத்து, பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

"அரச மரம் துளிர்த்திருக்குமே, அக்கா?"

"துளிர்த்திருக்கு. செம்புத் தகடு மாதிரி மினுங்குது."

"காத்து வந்தா அந்த இலை எல்லாம் கைதட்டும். நடு இலையில உக்காந்தா தொட்டில் மாதிரி இருக்கும். வடிவு சின்னப் பிள்ளையில என்னைப் பாக்கணும்னு அந்த மரத்துல ஏறி, இறங்கத் தெரியாம அழுதாளே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீதான் வந்து சொன்னே."

"புரச மரம்?"

"பூத்திருச்சு. இலை ஒண்ணுகூட இல்லை, மரம் முழுக்கப் பூ."

"அங்க ஒரு மைனா இருக்கும். நான் போனா, 'வந்துட்டியா வாயாடி'ன்னு கேக்கும்."  "நாளைக்கு அதுகிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க, அக்கா."

ஒரு நாள்கூட அவள் மாடத்தியை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று மாடத்திக்கு இருந்தது.

நாளாக ஆக அந்தக் குரல் தேய்ந்தது. செவ்வந்தியின் வாய் மரப்பட்டைக்குள் இறங்கி, மரச்சாற்றைக் குடித்துக் குடித்து அங்கேயே நிலைத்துப்போனது. கடைசியாகப் பேசிய நாளில் செவ்வந்தி சொன்னாள்:

"எங்க பிள்ளைங்க காலோடதான் பிறக்கும். ஆனா உக்காந்த புத்தி அதுங்களுக்கும் இருக்கும். ரெண்டு மூணு நாள்தான் நடக்கும், அப்புறம் கண்ட இடத்துல உக்காந்திரும். அதுக்குள்ள ஒரு நல்ல மரத்துல கொண்டுபோய் விடுங்க. பிள்ளைங்க போனப்புறம் இந்தக் கூடு எங்களுக்கு எதுக்கு? எடுத்து வடிவுக்குக் கிண்ணம் செய்யுங்க."

அதற்குப் பிறகு மாடத்தி எத்தனையோ தடவை கூப்பிட்டாள். பதில் இல்லை.

ஒரு காலையில் கிளையெங்கும் குங்குமத்தைத் தூவியதுபோலக் குஞ்சுகள் வெளியே வந்தன. மாடத்தி கிளையை வெட்டினாள். மடியில் ஏந்திக்கொண்டு போய், அரச மரத்தின் இளங்கிளையில் நாரால் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். குஞ்சுகள் வரிசையாக இறங்கி, புதுக் கிளையில் ஏறி, இடம் பார்த்து உட்கார்ந்தன. கடைசிக் குஞ்சு போகும்வரை இரண்டு நாள் அவள் அங்கேயே இருந்தாள். அதன்பின்தான் வெறுங்கூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அரக்கைச் சுரண்டித் தண்ணீரில் கொதிக்கவைத்தாள், கரையவில்லை. நெருப்பில் காட்டி உருக்கிக் கிண்ணத்தில் தடவினாள், புண் காய்ந்த பொருக்கு மாதிரி திட்டுத்திட்டாக நின்றது. அவள் முகத்தைப் பார்த்த பூவுலிங்கம் எழுந்துபோய்க் கிண்ணத்தைப் பட்டறையில் ஏற்றினான்.

"கயித்தை இழு, மாடத்தி. நான் ஒண்ணு செஞ்சு பாக்குறேன்."

அவள் இழுத்தாள். கிண்ணம் சுழன்றது. அவன் அரக்குக் கட்டியை அதன் மேல் வைத்து அழுத்தினான். உரசலின் சூட்டில் அரக்கு இளகி, தேன் வழிவதுபோல வழிந்து, கிண்ணம் முழுக்கப் பரவியது. பிறகு ஒரு தாழை மடலை எடுத்து அழுத்தித் தேய்த்தான். செம்மண்ணில் மழை பெய்து வெயிலடித்ததுபோல ஒரு சிவப்பு. அதில் மாடத்தியின் முகம் தெரிந்தது. மூன்று நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தும் ஒரு பொட்டுச் சாயம் இறங்கவில்லை.

மாடத்தி நாலு நாள் நடந்து கடற்கரைக்குப் போனாள். கிண்ணத்தைப் பார்த்ததும் வடிவு அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "செம்மண்ணேதான்மா! சித்தி எப்படி இருக்கா?"

உப்புப் பாத்தியின் வரப்பில் உட்கார்ந்து மாடத்தி எல்லாவற்றையும் சொன்னாள். புளியங்கொட்டையை மடியில் செருகியதையும் சொன்னாள்.

 வடிவு கிண்ணத்தைத் திருப்பித் திருப்பித் தடவினாள். கடைசியில், "நான் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றாள்.

"நீ கேட்டதுல தப்பில்லை. நான்தான் தட்டலை."

இரண்டு பேரும் அந்தக் கிண்ணத்தில் சோற்றைப் போட்டுப் பகிர்ந்து தின்றார்கள். மறுநாள் மாடத்தி புறப்பட்டாள். அரச மரத்துக் குஞ்சுகளைப் பார்க்கவேண்டியிருந்தது.

அன்று முதல்தான் பெண் அரக்குப் பூச்சி ஒரு தடவை கிளையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. ஆண்தான் இறக்கை முளைத்துப் பறக்கிறது. அரக்கு எடுப்பவர்களும் குஞ்சு இருக்கும் கிளையை வெட்டி அடுத்த மரத்தில் கட்டிவிட்ட பிறகுதான் வெறுங்கூட்டைச் சுரண்டுகிறார்கள். நடக்க முடியாமல் போனவளின் பிள்ளைகளை மரத்துக்கு மரம் சுமந்துபோவது இன்றைக்கும் மனிதர்களின் வேலையாகத்தான் இருக்கிறது.