மடையான் முதுகில் படிந்த சேறு

மாடும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாட்கள் அவை. அப்போது மடையான் என்கிற நீர்ப்பறவைக்கு உடம்பு முழுக்கக் கொக்கைப் போல வெள்ளை.

ஏரிக்குக் கீழே செங்காயி என்றொருத்தி இருந்தாள். ஆடு மேய்த்துப் பிழைத்தவள். ஒரு மழைக்காலத்தில் நோய் விழுந்து பட்டி முழுவதும் செத்துப்போனது. மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டுமே என்று, சும்மா கிடந்த வயலில் முதல்முறையாக ஏர் பூட்டினாள்.

உழவு ஒருவழியாக முடிந்தது. நிலத்தைச் சமப்படுத்தப் பரம்புப் பலகையைக் கட்டி ஓட்டியபோதுதான் பயம் பிடித்தது. சேற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் மூடிக்கிடந்தது. மேடு எது, பள்ளம் எது? மேட்டில் நட்டால் நாற்று காயும், பள்ளத்தில் நட்டால் அழுகும். நாற்றங்காலில் பயிர் முற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு விதைநெல் இல்லை.

"கண்ணால் பார்த்தால் தெரியாது தாயி" என்றது பரம்பு இழுத்த வலப்பக்கத்து மாடு. "தண்ணீரில் யாராவது நின்று பார்க்க வேண்டும்."

வரப்பில் நின்ற மடையானை அவள் கூப்பிட்டாள். "தம்பி, நாலு மூலையிலும் நின்று, தண்ணீர் உன் காலில் எதுவரை வருகிறது என்று சொல்கிறாயா?"

"அதற்கென்ன அக்கா" என்று மடையான் இறங்கியது. மூன்று மூலையிலும் மூட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது தண்ணீர். நான்காவது மூலைக்குப் போகும் வழியில் ஒரு தவளை துள்ளியது. மடையான் அதன் பின்னால் ஓடியது.

"அங்கே எவ்வளவு தம்பி?"

தவளையை விழுங்கிக்கொண்டே, "அதே அளவுதான் அக்கா" என்றது.

செங்காயி நாற்றைப் பறித்து நட்டாள். அப்படியும் மனம் அடங்கவில்லை. நாளுக்கு நாலு முறை வரப்பைச் சுற்றிவந்தாள். ஐந்தாம் நாள் அந்த மூலையில் நாற்று தண்ணீருக்குள் மூழ்கி மஞ்சளாகக் கிடந்தது. இழுத்தால் வேரோடு கையில் வந்தது.

"நீ இங்கே நின்று பார்த்தாயா?" என்று கேட்டாள்.

மடையான் தலை குனிந்தது. "இல்லை அக்கா."

செங்காயி கூடையை எடுத்து, வாய்க்காலிலிருந்து சேறு அள்ளிவந்து கொட்டத் தொடங்கினாள். மடையான் அந்தப் பள்ளத்தில் இறங்கி, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது. கூடை கூடையாகச் சேறு விழுந்தது. தெறித்ததெல்லாம் அதன் முதுகில் அப்பியது. மீன் காலை உரசிப் போனது. ஒரு தவளை அதன் பாதத்திலேயே ஏறி உட்கார்ந்தது. மடையான் அசையவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில், "அக்கா, இப்போது மூட்டுக்கு ஒரு விரல் கீழே" என்றது.

நாற்றங்காலில் மிஞ்சியிருந்த இரண்டு கட்டு நாற்றை அங்கே நட்டாள். பாதி மூலைக்குத்தான் அது போதுமாக இருந்தது. விளைந்த நெல் அடுத்த அறுப்புக்கு ஒரு மாதம் முன்பே தீர்ந்து, பிள்ளைகள் கீரையைத் தின்று கிடந்தார்கள். ஆனால் மூவரும் பிழைத்தார்கள்.

மடையான் எத்தனை குளத்தில் முங்கியும் அந்தச் சேறு போகவில்லை. அது வயலில் ஆடாமல் அசையாமல் நிற்கப் பழகியது அன்றைக்குத்தான். இன்றும் பக்கத்தில் போகும்வரை சேறு எது, மடையான் எது என்று நமக்குத் தெரிவதில்லை. பயந்து பறக்கும்போதுதான், சேறு படாமல் மடங்கியிருந்த சிறகு இரண்டும் வெள்ளைவெளேரென்று விரிகின்றன.