உதடு அசைந்த நாற்பத்தொரு முறை

"டீச்சர், இனிமே நான் படிக்கப் போறதில்ல."

செல்போன் திரையில் இருந்த மெஹருன்னிசா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏன்க்கா?"

"எல்லாம் இந்த வாய் பண்ணுன வேல."

சொன்னவள் பேச்சியம்மாள். வயது நாற்பத்தாறு. நெல்லைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் இருபது வருட வேலை. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் படிப்பில் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருடம்.

மெஹருன்னிசா அவளுடைய ஆசிரியை. வயது முப்பத்தொன்று. ஒப்பந்த வேலை. இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை.

போன வாரம் தேர்வு நடந்தது. அவரவர் வீட்டில், அவரவர் கணினி முன்னால். காவலுக்கு ஆள் கிடையாது. ஒரு மென்பொருள்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கேமரா ஓடவேண்டும், மைக் ஓடவேண்டும். கண் திரையை விட்டு விலகக் கூடாது. வாய் திறக்கக் கூடாது.

பேச்சியம்மாளுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். துவைக்கும் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருக்கும் கூடத்தில் புத்தகத்தை விரித்து, அந்த இரைச்சலுக்கு மேலே தன் குரல் தனக்குக் கேட்கிற மாதிரி படித்துப் பழகியவள். தேர்விலும் கேள்விகளை முணுமுணுத்துத்தான் படித்திருக்கிறாள்.

மென்பொருள் எண்ணி வைத்திருந்தது. உதடு அசைந்தது நாற்பத்தொரு முறை.

'முறைகேடு' என்று மெயில் வந்தது. விடைத்தாள் நிறுத்தி வைக்கப்பட்டது.

"விதி பதினாலாம் டீச்சர். சேரும்போது 'சம்மதம்'னு ஒரு கட்டத்த அமுக்கச் சொன்னாங்கள்லா, அதுக்குள்ள இருந்திருக்கு. அம்பது பக்கம்."

"நீங்க அதப் படிச்சீங்களா?"

"யாரு படிச்சா?"

"நானும் படிக்கல. நேத்துதான் படிச்சேன். விசாரணை முடியிற வரைக்கும் நான் உங்ககூடப் பேசக் கூடாதாம். அதுவும் ஒரு விதி."

"அப்ப ஏன் டீச்சர் பேசுதீங்க?"

மெஹருன்னிசா டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்குப் பாடம். வாங்க."

*

பேச்சியம்மாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். வெயிலில் நாற்பது விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர். மருந்துக் கறைக்கு வெளுப்புப் பொடி. எந்தக் கறைக்கு எதைப் போடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். 'முறைகேடு' என்ற சொல்லுக்கு எதைப் போடுவது என்று தெரியவில்லை.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. கூட வேலை பார்ப்பவர்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் காப்பியடித்து மாட்டிக்கொண்டாள் என்றுதான் பேசுவார்கள்.

வாயைத் திருத்திவிடுவது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு துண்டுத் துணியைச் சுருட்டிப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு புத்தகத்தை விரித்தாள். மூன்று நாள் அப்படியே படித்தாள்.

நாலாம் நாள் பெருமையோடு கூப்பிட்டாள்.

"டீச்சர், பழகிட்டேன். துணியக் கடிச்சுக்கிட்டுப் படிச்சேன், உதடு அசையவே இல்ல. இருபது பக்கம் முடிச்சிட்டேன்."

"இருபது பக்கத்துல என்ன இருந்துச்சு?"

பேச்சியம்மாள் யோசித்தாள். ஒரு வரிகூட வரவில்லை. வாயில் துணியின் சோப்பு ருசிதான் இருந்தது.

"துணி கையில இருக்கா?" என்று மெஹருன்னிசா கேட்டாள்.

"இருக்கு."

"காட்டுங்க."

கேமரா முன்னால் தூக்கிக் காட்டினாள். ஓரமெல்லாம் பல் பதிந்து கந்தலாகியிருந்தது.

மெஹருன்னிசா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இணைப்பைத் துண்டித்தாள்.

பேச்சியம்மாளுக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. வெகுநேரம் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குப்பைத் தொட்டியில் எறிந்தாள்.

*

விசாரணைக் குழு திரையில் கூடியது. மூன்று கட்டங்களில் மூன்று முகங்கள். நடுவில் இருந்தவர் தலைவர்.

"உங்க வயசையும் சூழ்நிலையையும் பாத்து ஒரு சலுகை தர்றோம்மா" என்றார் அவர். "ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருக்கோம். கையெழுத்துப் போட்டு அனுப்பினா மறுதேர்வு எழுதலாம். இல்லைன்னா ஒரு வருஷத் தடை. உங்க பதிவுல முறைகேடுன்னே இருக்கும்."

"ஐயா, நான் கேள்வியத்தான்..."

"யோசிச்சு அனுப்புங்க."

திரை அணைந்தது.

மெயிலில் வந்த கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் பேச்சியம்மாள் மெஹருன்னிசாவைக் கூப்பிட்டாள்.

"கையெழுத்துப் போடட்டுமா டீச்சர்? போட்டா ஒரு வருஷம் மிச்சம். நீங்க சொன்னா போட்டிருதேன்."

"கடிதத்தைப் படிங்க."

"வாய்விட்டா?"

"வேற எப்படிப் படிப்பீங்க?"

பேச்சியம்மாள் படித்தாள். "தேர்வு நேரத்தில் நான்..." என்று நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"கோடு போட்டிருக்கு டீச்சர். அதுக்கப்புறம், 'இந்தத் தவறுக்காக வருந்துகிறேன்'னு இருக்கு."

"கோட்டுல என்ன எழுதணும்?"

"என்ன தப்புப் பண்ணுனேன்னு எழுதணுமாம்."

"எழுதுங்க."

"என்னன்னு எழுத?"

"நடந்தத."

பேச்சியம்மாள் பேனாவை எடுத்தாள். 'பேசினேன்' என்று எழுதலாமா? யாரிடம்? அறையில் யாரும் இல்லை. 'ஏமாற்றினேன்'? யாரை? 'உதட்டை அசைத்தேன்'? அது சரிதான். ஆனால் எதற்காக அசைத்தாள்?

இயந்திரம் ஒன்று சுற்றி நின்றது. ஈரத் துணிகளை எடுக்கவேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.

மெஹருன்னிசா தன் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாள் கோட்டின் மேல் மூன்று சொற்கள் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன எழுதினேன்னு கேக்கலயே டீச்சர்?"

"எனக்கு எதுக்கு?"

*

மறுநாளே குழு மறுபடியும் கூடியது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தார்.

"'தேர்வு நேரத்தில் நான் வினாத்தாளை வாய்விட்டுப் படித்தேன். இந்தத் தவறுக்காக வருந்துகிறேன்.' என்னம்மா இது? கிண்டலா?"

"இல்ல ஐயா. நடந்தது அதான். நான் வேற எதும் செஞ்சிருந்தா நீங்க சொல்லுங்க, அதையும் எழுதித் தாரேன்."

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார்.

"இத உங்க ஆசிரியை சொல்லிக் குடுத்தாங்களா?"

"படிக்கச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

"அவங்க உங்ககூடப் பேசவே கூடாதே!"

வலப்பக்கக் கட்டத்தில் இருந்த அம்மாள் தொண்டையைச் செருமினார். "அவங்ககிட்டேயிருந்தும் ஒரு மெயில் வந்திருக்கு சார். 'மாணவி அழைத்தார், பேசினேன். நாளை அழைத்தாலும் பேசுவேன்.' அவ்வளவுதான் இருக்கு."

மெஹருன்னிசாவுக்கு ஒப்பந்த வேலை. ஒரு கையெழுத்தில் போய்விடும்.

பேச்சியம்மாள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"ஐயா, மைக்கும் ஓடிக்கிட்டுதான இருந்துச்சு? நான் என்ன பேசினேன்னு கேட்டுப் பாத்தீங்களா?"

மூவரும் அறிக்கையைப் புரட்டினார்கள். அறிக்கையில் படங்கள் மட்டுமே இருந்தன. அந்த அம்மாள் ஒலிப்பதிவைத் தேடி எடுத்து ஓடவிட்டார்.

பேச்சியம்மாளின் குரல் கேட்டது. ஒரே கேள்வியை நாலு முறை, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படிக்கிற குரல். நடுவில் ஒரு பெருமூச்சு. பிறகு அடுத்த கேள்வி. நாற்பத்தொரு இடத்திலும் அதுதான். மூன்று பேரும் கடைசி வரைக்கும் கேட்டார்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா. இந்தத் தடவை மன்னிச்சு விட்டுடறோம்."

"மன்னிக்க வேண்டாம் ஐயா" என்றாள் பேச்சியம்மாள். "பேப்பரத் திருத்துங்க."

*

விடைத்தாள் திருத்தப்போனது. பதிவிலிருந்து முறைகேடு என்ற சொல் நீங்கியது. மெஹருன்னிசாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. முந்தைய வரிகளையே அவள் திரும்ப எழுதி அனுப்பினாள். விதி பதினாலு அப்படியே இருந்தது. அடுத்த பருவத்துக்குச் 'சம்மதம்' கேட்டபோது பேச்சியம்மாள் அந்தக் கட்டத்தை அமுக்கவில்லை. 'விதி பதினாலு தவிர' என்று எழுதி அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை.

விடைத்தாள் திருத்தி வந்த அன்று நாலு மணிக்கு அவள் வகுப்புக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், நாம ஜெயிச்சிட்டோம்!"

மெஹருன்னிசா கையிலிருந்த அவளுடைய விடைத்தாளைப் புரட்டினாள்.

"மூணாவது கேள்விக்கு நீங்க எழுதின பதில் தப்புக்கா."