செதிலியும் சீறுற பூனைக்குட்டியும்

மேற்கு மலைக்குக் கீழ, மூங்கிலும் மருத மரமும் நெருக்கியடிச்சு நிக்கிற ஒரு காடு இருந்துச்சு. அந்தக் காட்டுல பெரிய பயந்தாங்கொள்ளி யாருன்னு எந்த மிருகத்தைக் கேட்டாலும் யோசிக்காம ஒரே பேரைத்தான் சொல்லும். செதிலி!

செதிலி ஒரு அழுங்கு. அழுங்கு பாத்திருக்கீங்களா? உடம்பு பூரா ஓடு வேய்ஞ்ச கூரை மாதிரி செதில் இருக்கும். கரையானும் எறும்பும்தான் சாப்பாடு. பயம் வந்துடுச்சுன்னா தலையை வயித்துக்குள்ள மடக்கி, வாலைச் சுத்திப் போட்டு, அப்படியே பந்தா சுருண்டுக்கும். புலியே வந்தாலும் அதைப் பிரிக்க முடியாது!

செதிலி புலிக்கு மட்டுமா சுருளுவா? காஞ்ச இலை விழுந்தா சுருளுவா. தவளை கத்தினா சுருளுவா. ஒரு தடவை தும்மிட்டு, அந்தச் சத்தத்துக்குத் தானே சுருண்டுட்டா!

தாண்டவன்னு ஒரு குரங்கு இருந்தான். எதையும் நினைச்ச நிமிஷமே செஞ்சுடணும் அவனுக்கு. செதிலி சுருண்டிருந்தா ஒரு குச்சியை எடுத்துட்டு வந்து அவ முதுகுல டொக் டொக்னு தட்டுவான்.

"அக்கா, வீட்டுல யாராவது இருக்கீங்களா? வந்தது வெறும் குரங்குதான், கதவைத் திறங்க!"

காடே சிரிக்கும். செதிலியோட குட்டிப் பொண்ணு உருண்டைக்கு மட்டும் சிரிப்பு வராது. அம்மா வால் மேல ஏறி உக்காந்துக்கிட்டு தாண்டவனை முறைப்பா.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பூனைக்குட்டி கண்ணுல பட்டுச்சு.

அந்தக் காட்டுல ஒரு ஓடை. வெயில் காலத்துல கணுக்கால் அளவுகூடத் தண்ணி இருக்காது. நடுவுல ஒரு மணல் திட்டு, அந்தத் திட்டுல பொந்து விழுந்த பெரிய மரக்கட்டை ஒண்ணு. அதுக்குள்ளதான் ஒரு பூனை குட்டி போட்டிருந்துச்சு. அம்மா பூனை ஒருநாள் இரை தேடிப் போச்சு. திரும்பி வரவே இல்ல.

குட்டி தனியா நின்னுச்சு. உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆனா கோவத்தைப் பாக்கணுமே! யார் கிட்டப் போனாலும் முடியெல்லாம் சிலிர்த்துக்கிட்டு "ஹ்ஹ்ஸ்ஸ்!"னு சீறும். மான் பக்கத்துல தண்ணி குடிச்சாலும் "ஹ்ஹ்ஸ்ஸ்!" யானை தூரத்துல நடந்தாலும் "ஹ்ஹ்ஸ்ஸ்!" யானை ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சுட்டு வேற வழியாப் போச்சுன்னா பாத்துக்குங்க!

உருண்டைக்கு அதைப் பாத்ததும் மனசு அங்கேயே ஒட்டிக்கிச்சு.

"அம்மா, அதுக்கு நான் பேர் வச்சுட்டேன். மிளகு! அதை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்மா."

"ஐயோ, அந்தச் சீறலைக் கேட்டாலே நான் சுருண்டுடுவேன்டி!"

ஓடைக்கரைக் கிளையில உக்காந்திருந்த மீன்கொத்தி இதைக் கேட்டுச்சு. தண்ணியைப் பத்தி அந்தக் காட்டுல அதுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

"கூட்டிட்டுப் போறதுன்னா சீக்கிரம் போ, செதிலி. மலை மேல மேகம் கட்ட ஆரம்பிச்சாச்சு. இன்னும் பதினஞ்சு நாள்ல மழை இறங்கிடும். ஓடை நிரம்புச்சுன்னா இந்தத் திட்டும் இருக்காது, கட்டையும் இருக்காது. குட்டிக்கு நீந்தவும் தெரியாது."

உருண்டை அம்மாவையே பாத்தா. செதிலி வாலை உடம்போட இழுத்துக்கிட்டா.

"பதினஞ்சு நாளா? பத்து எண்ணுங்க, அதுக்குள்ள பிடிச்சுட்டு வரேன்!" மேல இருந்து தாண்டவன் குதிச்சான்.

ஒண்ணு, ரெண்டுன்னு உருண்டை எண்ண ஆரம்பிச்சா. மூணு வரைக்கும்தான் எண்ண முடிஞ்சுது. பொந்துக்குள்ள கையை விட்ட தாண்டவன் "ஆஆஆ!"ன்னு கத்திக்கிட்டு வெளிய வந்து விழுந்தான். மூக்கு மேல மூணு கோடு. சிவப்பா, வரிசையா!

"அது பூனையே இல்ல! காஞ்ச மிளகாய்க்கு நாலு கால் முளைச்சிருக்கு!"

குட்டி கட்டையோட ஆழத்துக்குப் போயி ஒண்டிக்கிச்சு. ரெண்டு நாள் ஆச்சு. மூக்கு நுனியைக்கூட வெளிய காட்டல. பசியோ பயமோ, உள்ள இருந்து சின்னதா ஒரு அழுகை மட்டும் கேட்டுச்சு.

அந்த அழுகை செதிலிக்கு நல்லாத் தெரிஞ்ச அழுகை. சுருண்டு கிடக்கும்போதெல்லாம் அவளும் உள்ள அப்படித்தான் அழுவா. வெளிய இருக்கிற யாருக்கும் அது கேட்டதில்ல.

மறுநாள் விடிஞ்சதும், ராத்திரி பூரா இரை தேடிட்டு அழுங்கெல்லாம் தூங்கப் போற நேரத்துல, செதிலி மெதுவா மணல் திட்டுக்கு நடந்தா. கட்டைக்கிட்ட போனதும் உள்ள இருந்து "ஹ்ஹ்ஸ்ஸ்!"

அவ்வளவுதான். செதிலி பந்தாயிட்டா!

கரையில தாண்டவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டான். "பூனை பிடிக்கப் போனவங்களைப் பாருங்கய்யா!"

ஆனா பொந்துக்குள்ள என்ன நடந்துச்சு தெரியுமா? ரெண்டு பச்சைக் கண்ணு மெதுவா எட்டிப் பாத்துச்சு. பிறந்ததுல இருந்து அந்தக் குட்டியைப் பாத்து எல்லாரும் கையை நீட்டியிருக்காங்க, கத்தியிருக்காங்க, ஓடியிருக்காங்க. தன்னைப் பாத்து இப்படி நடுங்கிக்கிட்டு, அதே நேரம் ஓடாமலும் கிடக்குற ஒரு ஆளை அது பாத்ததே இல்ல! தலையை இந்தப் பக்கம் சாய்ச்சுச்சு, அந்தப் பக்கம் சாய்ச்சுச்சு. செதிலி அசையல. குட்டியும் சீறல.

அன்னைக்கு அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த செதிலிக்கு ஒரே சந்தோஷம்.

"அது என்னைப் பாத்துச்சுடி உருண்டை! சீறாமப் பாத்துச்சு!"

அடுத்த நாள் ஒரு இலை நிறையக் கரையான் கொண்டு போனா. அவ புத்துலயே கொழுத்த கரையான். விருந்தாளிக்குன்னு பொறுக்கி எடுத்தது! குட்டி மோந்து பாத்துச்சு. தும்முச்சு. இலை மேலேயே மிதிச்சு நடந்து உள்ள போயிடுச்சு.

"ஏம்மா, கரையானைப் போய் யாராவது வேணாம்பாங்களா?" உருண்டைக்கு நம்பவே முடியல.

மேல இருந்து மீன்கொத்தி சிரிச்சுச்சு. "ஏண்டி செதிலி, உனக்குப் பிடிச்சா பூனைக்கும் பிடிக்கணுமா? அதுக்கு மீன் வேணும்."

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதே அக்கா."

"எனக்கு ரெண்டு குஞ்சு வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கு. இருந்தாலும் போகுது, தினம் ஒரு குட்டி மீன் போடுறேன். ஒண்ணே ஒண்ணுதான்!"

அன்னையில இருந்து செதிலி செஞ்சதைப் பாத்தா நீங்களே அசந்து போவீங்க. தினம் அதே நேரம். சூரியன் மூங்கிலுக்கு மேல வந்ததும் கிளம்புவா. மீனைக் கட்டைக்கு முன்னாடி வைப்பா. ஒரு வால் நீளம் தள்ளிப் போயி, குட்டிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்துடுவா. திரும்பிப் பாக்க மாட்டா. கூப்பிட மாட்டா. தூக்கம் கண்ணைச் சொக்கும், ஆனா அசைய மாட்டா.

"என்னக்கா, பூனையைப் பழக்குறீங்களா, இல்ல அதுகிட்ட கோவிச்சுக்கிட்டீங்களா?" தாண்டவன் மரத்துல தொங்கிக்கிட்டே கேப்பான்.

செதிலி முதுகை அசைக்காம உக்காந்தே இருப்பா.

முதல் நாள், அவ போன பிறகுதான் குட்டி மீனைத் தின்னுச்சு. மறுநாள் அவ இருக்கும்போதே மீனைக் கவ்விக்கிட்டு உள்ள ஓடுச்சு. அதுக்கு அடுத்த நாள் உள்ள போகல. அங்கேயே நின்னு தின்னுச்சு! முள்ளு நொறுங்குற சத்தம் செதிலி காதுக்குப் பக்கத்துலயே கேட்டுச்சு. தினமும் ஒரு விரல் கடை தூரம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. செதிலி நகரல. குட்டிதான் நகர்ந்துச்சு.

ஒருநாள் முதுகுச் செதில்ல ஈரமா, குளிர்ச்சியா ஏதோ ஒண்ணு பட்டுச்சு. மிளகோட மூக்கு! செதிலிக்குச் சுருளணும் போல உடம்பெல்லாம் துடிச்சுச்சு. அழுங்குக்குத்தான் பல்லே கிடையாதே, அந்தப் பொக்கை வாயை இறுக்கி மூடிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா.

கூட வந்திருந்த உருண்டை ரகசியமாக் கேட்டா, "அம்மா, நான் அதைத் தொடவா?"

"வேணாம் கண்ணு. அது உன்னைத் தொடட்டும்."

இன்னும் ரெண்டு நாள் கிடைச்சிருந்தா போதும். ஆனா மழைக்கு அந்தப் பொறுமை இல்ல. மீன்கொத்தி சொன்னதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே, மத்தியானம், வானம் கறுத்து மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டிடுச்சு.

மலைத் தண்ணி சிவப்பா, நுரை நுரையா ஓடையில இறங்குச்சு. மணல் திட்டைச் சுத்தித் தண்ணி. கட்டை லேசா ஆட ஆரம்பிச்சுடுச்சு! மழைச் சத்தத்துல தூக்கம் கலைஞ்சு செதிலியும் உருண்டையும் கரைக்கு ஓடி வந்தாங்க.

தாண்டவனுக்கும் நல்ல மனசுதான், இல்லேன்னு சொல்ல முடியாது. கரைக் கிளையில தொங்கி, நீளமா ஒரு கம்பை எடுத்துப் பொந்துக்கு நேரா நீட்டினான். "டேய் குட்டி! பிடிச்சுக்கோடா! வெளிய வாடா!"

கத்தக் கத்த, கம்பு ஆட ஆட, மிளகு உள்ளே உள்ளே போயிடுச்சு.

"அம்மா!"ன்னு உருண்டை அலறினா.

செதிலி தண்ணியில இறங்கிட்டா. ஆமா, நம்ம செதிலிதான்! இலை விழுந்தா சுருளுற செதிலி! தண்ணி கழுத்து வரைக்கும் ஏறுச்சு. நகத்தை மண்ணுல ஊன்றி ஊன்றித் திட்டுக்குப் போயிட்டா.

"அக்கா, உங்க நகம்தான் புத்தையே உடைக்குமே! உள்ள விட்டு இழுத்துப் போடுங்க!"

செதிலி இழுக்கல. பொந்துக்கு முன்னாடி, ஒரு வால் நீளம் தள்ளி, முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தா. தினமும் உக்காருற மாதிரியே!

"ஐயோ அக்கா! இப்பப் போய் உக்காருறீங்களே!"

தண்ணி அவ காலை நனைச்சுச்சு. கட்டை ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு. செதிலி திரும்பல. மூச்சை மட்டும் மெதுவா, மெதுவா விட்டா.

டமார்னு ஒரு இடி.

செதிலி சுருண்டுட்டா. ஆனா முழுசா இல்ல. உருண்டை பிறந்த புதுசுல அவளை உள்ள வச்சுக்கிட்டுச் சுருளுவாளே, அந்த மாதிரி ஒரு சின்ன இடம் விட்டுச் சுருண்டா.

பொந்துல இருந்து ஒரு தலை எட்டிப் பாத்துச்சு. மழை. இரைச்சல். கம்பு. கத்துற குரங்கு. இத்தனைக்கும் நடுவுல, தினம் மீன் கொண்டு வர்ற அந்த முதுகு, அது இருக்க வேண்டிய இடத்துலயே இருந்துச்சு.

ஒரே தாவல்! செதிலியோட வயித்துப் பக்கம் ஈரமா, சூடா, நடுங்கிக்கிட்டு ஒரு சின்ன உடம்பு வந்து ஒட்டிக்கிச்சு.

இப்பத்தான் செதிலி வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம். பந்தா இருந்தா நடக்க முடியாது. நடக்கணும்னா விரியணும். வானத்துல மறுபடி டமார்!

இடிச் சத்தத்துக்கு நடுவுலயே செதிலி விரிஞ்சா.

மிளகு அவ வால் வழியா முதுகு மேல தாவி ஏறி, செதிலோட விளிம்புல நகத்தை மாட்டிக்கிச்சு. தாண்டவன் மூக்கைக் கிழிச்ச அதே நகம்தான். இப்ப அதுதான் குட்டியை விழாமப் பிடிச்சுக்கிச்சு! செதிலி ஒவ்வொரு அடியா நடந்து கரை ஏறினா. பின்னாடி கட்டை புரண்டு, சுழன்று, வெள்ளத்தோட போயே போச்சு.

கரையில நின்ன மிருகமெல்லாம் விலகி வழி விட்டுச்சு. யானை தும்பிக்கையைத் தூக்கி ஒரு பிளிறு பிளிறுச்சு. செதிலி அதுக்குச் சுருண்டுட்டா. இந்தத் தடவை யாரும் சிரிக்கல!

சாயங்காலம் மழை விட்டுச்சு. செதிலி வீட்டுப் பக்கத்துப் புத்துல இருந்து ஈசல் கிளம்புச்சு, ஆயிரக்கணக்குல! மிளகு கண்ணு பெருசாச்சு. தாவி ஒண்ணைப் பிடிச்சுச்சு. மென்னுச்சு. இன்னொண்ணைப் பிடிச்சுச்சு!

"அம்மா, பாரும்மா! ஈசல்னா ரெக்கை முளைச்ச கரையான்தானே? மிளகு நம்ம சாப்பாட்டைச் சாப்பிடுது!" உருண்டை குதிச்சா. குதிச்சவ கால்ல மிளகு தானா வந்து தலையைத் தேச்சுச்சு. உருண்டை மூச்சு விடாம அப்படியே நின்னா.

கொஞ்ச நேரத்துல தாண்டவன் வந்தான். மூக்குல மூணு கோடு இன்னும் மறையல. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னான்.

"அக்கா... நானும் அதை ஒரு தடவை தொடலாமா?"

"முதுகைத் திருப்பிக்கிட்டு உக்காரு தம்பி."

"எவ்வளவு நேரம்?"

"அது வர்ற வரைக்கும்."

தாண்டவன் உக்காந்தான். தலையைச் சொறியணும் போல இருந்துச்சு, சொறியல. ஈசல் ஒண்ணு காதுல ஏறுச்சு, தட்டல. இருட்டுறதுக்கு முன்னாடி, அவனோட நீள வால் நுனியை ஒரு சின்னக் கால் மெதுவாத் தட்டிப் பாத்துச்சு.

நீதி: பயந்து கிடக்குற உயிரைப் பாஞ்சு பிடிக்கக் கூடாது; அது தானா நம்மகிட்ட வர்ற வரைக்கும் பக்கத்துலயே காத்திருக்கணும்.