நகர்ந்த முளைகள்

தோட்டம் போடக் கற்றுக்கொள்ள உலகம்மையிடம் வந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் சொரிமுத்து. குருவைவிடவே மூத்தவர். சர்வே ஆபீசில் சங்கிலி பிடித்து, ஊர்ப்பட்ட வயல்களை அளந்து முடித்து, ஓய்வு பெற்ற கையோடு வந்து சேர்ந்தார். உலகம்மை அவரை ‘அண்ணாச்சி’ என்பார். அவர் உலகம்மையை ‘அம்மா’ என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

உலகம்மையிடம் படம் வரைகிற வேலையே கிடையாது. முளைக்குச்சி, கயிறு, சுண்ணாம்புப் பொடி, ஒரு குடம் தண்ணீர். வெறுந்தரையில் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்வார். பிறகு முளை அடித்துக் கயிறு கட்டச் சொல்வார். கட்டிய கயிறு வழியே தாமே நடந்து பார்ப்பார். தலையசைத்தால் கயிற்றின் மேல் சுண்ணாம்பு விழும். சுண்ணாம்பு விழுந்துவிட்டால் அது பாதை. அப்புறம் மாற்றக் கூடாது.

கயிறு கட்டுவதில் சொரிமுத்துவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒற்றைக் கண்ணை மூடி அவர் கட்டினால் கயிறு விறைத்து நிற்கும். தாம்தான் தலைமைச் சீடர் என்று யாரும் சொல்லாமல் அவரே முடிவு செய்துவைத்திருந்தார். அந்த நினைப்பிலே நிம்மதியாகவும் இருந்தார், செண்பகவடிவு வருகிற வரைக்கும்.

வடிவு பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த பெண். முளையைக் கோணலாக அடிப்பாள். அவள் கட்டிய கயிறு துணி காயப்போட்ட கொடிபோலத் தொய்ந்து கிடக்கும். ஆனால் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாளானால், அது காய்ந்த பிறகும் எழுந்திருக்க மாட்டாள். ஒருநாள் உலகம்மையும் போய் அவள் அருகில் உட்கார்ந்தார். இருவரும் தரையையே பார்த்தார்கள். உட்கார்ந்தே இருந்தார்கள்.

சொரிமுத்து தள்ளி நின்று பார்த்தார். அம்மா தம்மோடு ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம், “குழம்புல ஏன் இவ்வளவு காரம்?” என்று சத்தம் போட்டார். அன்றைக்கு மோர்க்குழம்பு.

அந்தச் சமயத்தில்தான் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. கட்டடத்துக்குப் பின்னால் வலமும் இடமுமாக இரண்டு வெற்றிடங்கள், பக்கத்துக்கு ஒரு மரம். நிறைமாதப் பெண்கள் நடப்பதற்கு ஒரு தோட்டம் வேண்டும்.

உலகம்மை இருவரையும் கூப்பிட்டார்.

“ஆளுக்கொரு பக்கம் முளை அடிங்க. யாரு பக்கம் எனக்குச் சரியாப் படுதோ, அவங்களே ரெண்டு பக்கமும் தோட்டம் போடட்டும். நான் கூட வரமாட்டேன். அதுக்குப் பொறவு அவங்க தனியா எங்க வேணும்னாலும் போய்த் தோட்டம் போடலாம்.”

சொரிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். இதற்காகத்தானே இத்தனை காலம் காத்திருந்தார்.

வலப்பக்கம் அவருக்கு. வந்த அன்றைக்கே வேலையை முடித்துவிட்டார். நடுவில் ஒரு வட்டம், வட்டத்திலிருந்து நான்கு திசைக்கும் நான்கு நேர்ப்பாதைகள். எங்கே நின்று பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

அப்புறம் அவருக்கு அங்கே வேலையில்லை. ஆகவே இடப்பக்கம் வந்து நின்றார். குழாயடியில் கை கழுவுகிற மாதிரி நிற்பார். வேட்டியில் ஒட்டிய நெருஞ்சிமுள்ளை எடுக்கிற மாதிரி நிற்பார். வடிவு எங்கே உட்காருகிறாள், எதைப் பார்க்கிறாள், எந்த முளையைப் பிடுங்குகிறாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவள் முளை அடிப்பதும் பிடுங்குவதுமாகவே இருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உலகம்மை பார்க்க வருவதாகச் சொன்ன நாள் காலையில் வடிவு அவரைக் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, நேரா இருக்கான்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்களேன்.”

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் ஒரே கயிறு. சொரிமுத்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். மறுகண்ணை மூடியும் பார்த்தார். கயிறு நேராக இருந்தது. இம்மிகூடப் பிசகவில்லை.

“பரவால்ல” என்றார்.

தண்ணீரைப் பார்க்கத் தெரிந்தவள் அவள். அம்மா பக்கத்தில் வந்து உட்காருவதும் அவளிடம்தான். அவருக்கென்று இருந்தது ஒரு நேர்க்கோடு. அதையும் எடுத்துக்கொண்டாளே என்று இருந்தது. அந்தப் பெண்ணை அவர் அப்போது மனதார வெறுத்தார்.

மத்தியானம் வடிவு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள். அங்கே வேறு யாரும் இல்லை. சொரிமுத்து நடுவிலிருந்த மூன்று முளைகளைப் பிடுங்கினார். தள்ளி அடித்தார். கயிறு பற்றவில்லை. கடைசி முளையில் சுற்றியிருந்த மிச்சக் கயிற்றை அவிழ்த்து விட்டு மறுபடி கட்டினார். கோணலைக்கூட விறைப்பாகத்தான் கட்டினார். கைப்பழக்கம் விடுமா?

பிறகு தம் பக்கம் போய், ஒன்றும் அறியாதவராக, துண்டால் விசிறிக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் உலகம்மை வந்தார். வடிவும் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

முதலில் வலப்பக்கம். உலகம்மை செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, நிறைமாதக்காரியைப் போல மெல்ல நடந்தார். வட்டம் வரைக்கும் போனார். நான்கு பாதைகளையும் பார்த்தார். திரும்பி வரும்போது நடை வேகமாக இருந்தது.

“நல்லாருக்கு அண்ணாச்சி.”

அவ்வளவுதானா என்று சொரிமுத்து காத்திருந்தார். அவ்வளவுதான்.

இடப்பக்கம் வந்ததும் வடிவு திடுக்கிட்டு நின்றுவிட்டாள். காலையில் நேராக விட்டுப்போன கயிறு நடுவில் வளைந்து கிடந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் உலகம்மை நடக்கத் தொடங்கிவிட்டார். அதே இடுப்பில் கை, அதே மெதுவான நடை. வளைவுக்கு வந்ததும் கால் தானாக நின்றது. மூச்சு விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

“இங்கன நிக்கணும்போல இருக்கு” என்றார். “வயித்துப்பிள்ளக்காரி வாசல்ல இருந்து இவ்வளவு தூரம் வந்துட்டு இங்கன ஒரு நிமிசம் நிப்பா. அப்புறந்தான் நடப்பா. வடிவு, இந்த வளைவு ஒண்ணு போதும்.”

சொரிமுத்துவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

“இது நான் வச்சதில்லம்மா” என்றாள் வடிவு.

“பொறவு?”

“நான் நேராத்தான் கட்டிட்டுப் போனேன். முந்தி இங்கன வளைவு ஒண்ணு வைக்கத்தான் நெனச்சேன். அண்ணாச்சி கயிறு மாதிரி நமக்கு வர மாட்டேங்கே, எல்லாரும் சிரிப்பாங்களேன்னு பிடுங்கிட்டேன். அவரு கட்டுததப் பாத்துப் பாத்து நேராக் கட்டினேன். இது ஆடு மாடு வந்து இழுத்ததோ என்னமோ.”

“ஆடு இவ்வளவு விறைப்பாக் கட்டாது” என்றார் உலகம்மை. யார் என்று கேட்கவில்லை.

பேசாமல் இருந்திருந்தால் போயிருக்கும். ஆனால் சொரிமுத்துவால் முடியவில்லை. அம்மா கால் நின்ற இடம் தம்முடையது. அந்தப் பெயர் வடிவுக்கோ, ஏதோ ஒரு ஆட்டுக்கோ போவதா? ஏச்சு வாங்கினாலும் வாங்கலாம், இதை விடக் கூடாது.

“நாந்தான்” என்றார். “மூணு முளையும் நாந்தான் நகட்டுனேன்.”

“அண்ணாச்சியா?” வடிவின் முகம் சுண்டிப்போனது. “ஏன் அண்ணாச்சி?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது. அது வந்த வேகத்தில் காது மடல் சுட்டது.

“கோணலாத் தெரியட்டும்னுதான் செஞ்சேன்” என்றார், தரையைப் பார்த்து.

உலகம்மை கோபப்படவில்லை.

“சரி. இத்தன இடம் கெடக்க, ஏன் இங்கன வளைச்சீங்க?”

“வெயிலு தாங்கலம்மா. முளை பிடுங்க நிழல் வேணுமே. இந்த நேரத்துக்கு வாகைமரத்து நிழல் இங்கனதான் விழும்.”

“காலையில?”

“காலையில அந்தச் சுவரோரம் கெடக்கும். அங்கனதான் வடிவு உக்காருவா.”

“சாயங்காலம்?”

“குழாயடிக்குப் போயிரும். காத்தும் அந்நேரம் அங்க இருந்துதான் வரும்.”

உலகம்மை தலையசைத்தார். வடிவின் பக்கம் திரும்பினார்.

“கயிறு இப்படியே இருக்கட்டும். சுண்ணாம்பு போடு.”

வடிவு சுண்ணாம்புச் சட்டியை எடுத்தாள். முதல் கோடு வெள்ளையாக விழுந்தது. இனி அதை மாற்ற முடியாது. இரண்டு பக்கமும் அவள்தான் போடுவாள்.

சொரிமுத்துவுக்குக் கண் கலங்கியது. மறைக்கவும் இல்லை.

“அம்மா, நான் செஞ்சது தப்புதான். ஒத்துக்கிடுதேன். ஆனா எம்பக்கத்துல என்ன குறை? அத மட்டும் சொல்லுங்க.”

“ஒரு குறையும் இல்லையே.”

“பொறவு ஏன் ஒரு வார்த்தையோட வந்துட்டீங்க?”

உலகம்மை அவரையே பார்த்தார்.

“உங்க பக்கம் ஒரு புங்கமரம் நிக்குதுல்லா அண்ணாச்சி?”

“ஆமா, நிக்குது.”

“மத்தியானம் அதோட நிழல் எங்க விழுது?”

சொரிமுத்து வலப்பக்கம் திரும்பப் போனார்.

“பாக்காமச் சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

“காலையில?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“முளை அடிச்சதுதான் அந்தப் பக்கம் அண்ணாச்சி” என்றார் உலகம்மை. “குடியிருந்தது பூராவும் இந்தப் பக்கம்.”