லீன்ஹார்ட் எழுதிய பெயர்

ஜெர்மானிய நாட்டில் மிட்டர்ஹைன் என்றொரு சிற்றூர். ஊருக்கு மேலே, குன்றின் மீது, ஒரு கிறிஸ்தவத் துறவியர் மடம். மடத்தின் தலைவர் உல்ரிக் சுவாமிக்கு அப்போது நாற்பது வயது. அவருடைய சீடர் லீன்ஹார்ட் ஷ்னைடருக்கு ஐம்பத்தெட்டு.

லீன்ஹார்ட் காலம் தாழ்ந்து வந்த சீடர். முப்பது வருடம் ஊருக்குள் தையல் கடை வைத்திருந்தவர். தையற்காரர் சங்கத்துக்கு இரண்டு முறை தலைவராக இருந்தவர். மனைவி இறந்ததும் கடையை இரண்டு மகன்களிடமும் ஒப்படைத்துவிட்டு மடத்துக்கு ஏறி வந்துவிட்டார். கடையை விட்டார், வீட்டை விட்டார். பெயரை மட்டும் விடவில்லை. யாராவது "சகோதரர் லீன்ஹார்ட்" என்று கூப்பிட்டால், "லீன்ஹார்ட் ஷ்னைடர்" என்று திருத்துவார்.

அந்த வருடம் ஆயரிடமிருந்து ஒரு கட்டளை வந்தது. கோயில் பங்கில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் பெயரோடு ஏட்டில் எழுத வேண்டும். லீன்ஹார்டுக்கு நல்ல கையெழுத்து. உல்ரிக் ஏட்டை அவரிடம் கொடுத்தார்.

பனிக்காலம் முழுவதும் இருவரும் வீடு வீடாகப் போனார்கள். லீன்ஹார்டுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஒரு நாள் திரும்பும் வழியில் சொன்னார்:

"சுவாமி, அந்தக் காலத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாதாம். ஒரே தெருவில் நாலு ஹான்ஸ் இருந்தால் எப்படிக் கூப்பிடுவது? இரும்படிக்கிற ஹான்ஸ், மாவரைக்கிற ஹான்ஸ், துணி வெட்டித் தைக்கிற ஹான்ஸ். அப்படித்தான் ஷ்மிட், முல்லர், ஷ்னைடர் எல்லாம் வந்தன. தகப்பன் செய்த தொழில் மகனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது."

"மகன் வேறு தொழிலுக்குப் போனால்?"

"போனாலும் பெயர் போகாது." லீன்ஹார்ட் சிரித்தார். "நம் ரொட்டிக்காரரைப் பாருங்களேன். பெயர் ஷ்மிட். வாழ்நாளில் சுத்தியலைத் தொட்டதில்லை. சந்தைத் தெரு வேபருக்கு ஒரு கைதான். அவருடைய பாட்டன் நெசவு செய்தாராம்."

"ஷ்னைடர்கள் எத்தனை வீடு?"

"இதுவரை முப்பத்தொன்று. அதில் ஊசி பிடிக்கிறது நாலே வீடு." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. "எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் ஆட்கள் இருப்பார்கள் சுவாமி. துணியில்லாமல் யாரால் இருக்க முடியும்?"

உல்ரிக் குன்றுப் பாதையில் திரும்பினார்.

மறுநாள் கடைசியாக ஒரு வீடு மிச்சமிருந்தது. ஊர் மதிலுக்கு வெளியே, காற்று ஊர்ப்பக்கம் வீசாத இடத்தில் இருந்தது அது. செத்த மாடுகளையும் குதிரைகளையும் இழுத்துப்போய்த் தோலுரித்துப் புதைக்கிறவர் வீடு. அந்தத் தொழில் செய்கிறவருக்கு அவர்கள் மொழியில் ஷிண்டர் என்று பேர். வீட்டுக்காரர் வைட். அவருடைய தகப்பனும் அதே வேலைதான் செய்தார். கோயிலில் அவர்களுக்குக் கதவோரம் தனி இடம். சாராயக் கடையில் தனிக் குவளை. சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் தெரியாமல் அவரோடு உட்கார்ந்து குடித்துவிட்டாலும் சங்கத்திலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். லீன்ஹார்டே தலைவராயிருந்தபோது ஒருவர் பெயரை அப்படி அடித்திருக்கிறார்.

வைட் இரண்டு முக்காலிகளைத் துடைத்து முற்றத்தில் போட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். அவர் மகள் அப்பொலோனியா தண்ணீர் கொண்டுவந்தாள். உல்ரிக் வாங்கிக் குடித்தார். லீன்ஹார்ட் தாகமில்லை என்றார். உட்காரவுமில்லை. நின்றபடியே ஏட்டைத் திறந்தார்.

"பெயர்?"

"வைட், ஐயா."

"குடும்பப் பெயர்?"

வைட் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஷ்னைடர் என்று எழுத முடியுமா, ஐயா?"

தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று லீன்ஹார்ட் நினைத்தார். "என்ன?"

"என் மகளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருக்கிறது. மூன்று நாள் நடையில் ஒரு நகரம். பையன் பெயர் ஆஸ்வால்ட். குதிரைச் சேணம் தைக்கிறவன். நாங்கள் யார் என்று அவனுக்குத் தெரியும் ஐயா. தெரிந்துதான் கேட்கிறான். ஆனால் அவனுடைய சங்கம் பெண்ணின் பிறப்புக்குச் சான்று கேட்கும். இந்த ஏட்டில் இருப்பதைத்தானே நீங்கள் எழுதிக்கொடுப்பீர்கள்?"

"உமக்குத் தைக்கத் தெரியுமா?"

"தெரியாது ஐயா. ரொட்டி சுடுகிற ஷ்மிட்டுக்கு இரும்படிக்கத் தெரியுமா?"

லீன்ஹார்டுக்குச் சுருக்கென்றது. "அது அவருக்கு அவர் தகப்பன் விட்டுப்போன பெயர்."

"ஷிண்டரும் எனக்கு என் தகப்பன் விட்டுப்போன பெயர்தான், ஐயா. அவரிடம் நான் கேட்டு வாங்கவில்லை."

அப்பொலோனியா ஒரு குச்சியை எடுத்தாள். குந்தி உட்கார்ந்து, ஈர மண்ணில் இரண்டு பெயர்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள். எழுத்தை அவளுக்கு ஆஸ்வால்ட் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் எழுத்தில் ஷிண்டருக்கும் ஷ்னைடருக்கும் அதிக தூரமில்லை. அதே எழுத்துகள்தான் இடம் மாறி நிற்கும். கூட ஒரே ஓர் எழுத்து.

"பாருங்கள் ஐயா," என்றாள். "ஒன்றுதான் கூடுகிறது."

லீன்ஹார்ட் உல்ரிக்கைப் பார்த்தார். "சுவாமி, பொய் எழுதலாமா?"

"பேனா உம்முடைய கையில் இருக்கிறது."

"நீங்கள் சொன்னால் எழுதுகிறேன்."

"நான் சொல்லப்போவதில்லை."

லீன்ஹார்ட் தன் மகன்களை நினைத்தார். ஊரில் உள்ள ஷ்னைடர் வீடுகள் ஒவ்வொன்றையும் நினைத்தார். தன் சட்டையைத் தன் கண்ணெதிரே வேறொருவர் எடுத்துப் போட்டுக்கொள்வதைப் போல ஓர் ஆத்திரம் வந்தது. குனிந்து எழுதினார். வைட் ஷிண்டர். மகள், அப்பொலோனியா ஷிண்டர். மைமேல் மணலைத் தூவி, ஊதி, ஏட்டை மூடினார்.

யாரும் கெஞ்சவில்லை. வைட் தொப்பியைக் கழற்றி வணங்கினார். அப்பொலோனியா மண்ணில் எழுதியதைக் காலால் அழித்தாள், இரண்டையுமே.

குன்று ஏறும்போது லீன்ஹார்ட் சொன்னார்: "கஷ்டமாகத்தான் இருந்தது சுவாமி. ஆனால் உண்மையைத்தான் எழுதினேன்."

"ஆம்," என்றார் உல்ரிக். "எழுத்தும் அழகாக இருந்தது."

வசந்தத்தில் அந்த நகரத்துச் சேணத் தொழிலாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பெண்ணின் பிறப்புச் சான்று வேண்டும் என்றது. ஏட்டைப் பார்த்து லீன்ஹார்டே பிரதி எடுத்தார். உல்ரிக் முத்திரை வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊர் வாயிலாகத்தான் லீன்ஹார்டுக்குத் தெரிந்தது. சங்கம் ஆஸ்வால்டைக் கூப்பிட்டுப் பெண்ணா, தொழிலா என்று கேட்டது. பெண் என்றான். அவனுடைய கருவிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த நகரத்தில் யாரும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. பக்கத்து நகரங்களுக்கும் எழுதிப்போட்டிருந்தார்கள். வைட்டின் வீட்டுக்கு வந்து, நானும் தோலுரிக்கிறேன், சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டானாம். அப்பொலோனியாதான் அனுப்பிவிட்டாள். நாளைக்கு நம் பிள்ளைக்கும் இந்தப் பெயர்தானே என்றாளாம். அவன் வடக்கே எங்கோ படையில் சேர்ந்தான் என்பது கடைசியாக வந்த செய்தி.

கோடையில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஐம்பது வயதுக்கு மேல். மனைவியை இழந்தவர். ஆற்றுக்கு அந்தப்புறத்து ஊரில் தோலுரிக்கிறவர். ஷிண்டர் வீட்டுப் பெண்ணை ஷிண்டர்தான் கட்டுவார்.

கோயிலின் பின்கதவு வழியாக வந்தார்கள். மொத்தம் ஏழு பேர். உல்ரிக் ஆசீர்வதித்து முடித்ததும் லீன்ஹார்ட் கல்யாண ஏட்டை நீட்டினார். எழுதத் தெரியாதவர்கள் ஒரு சிலுவைக் குறி போட்டால் போதும். மாப்பிள்ளை குறி போட்டார். வைட் குறி போட்டார். அப்பொலோனியா பேனாவை வாங்கி, அவசரமில்லாமல், தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

பிறகு ஏட்டை லீன்ஹார்டின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சரியாக இருக்கிறதா, ஐயா?"

ஒரு பிழைகூட இல்லை. லீன்ஹார்ட் தலையை அசைத்தார்.

அவள் வண்டியேறிப் போனாள். வண்டியின் பின்புறம், அவளுடைய பெட்டிக்குப் பக்கத்தில், புதிதாக உரித்த ஒரு தோல் சுருட்டிக் கிடந்தது. மாப்பிள்ளை வரும் வழியில் அந்த வேலையையும் முடித்துவிட்டு வந்திருக்கிறார். வைட் வாசலில் நின்றார். கையை ஆட்டவில்லை. வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை நின்றுவிட்டு மதிலைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார்.

லீன்ஹார்டுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் உல்ரிக்கின் அறைக்குப் போனார்.

"சுவாமி, நான் பொய் எழுதவில்லை. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. இருந்தும் ஏதோ களவு செய்தவனைப் போல இருக்கிறதே, ஏன்?"

உல்ரிக் எழுந்து பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு பழைய ஏட்டை எடுத்தார். நூற்று முப்பது வருடங்களுக்கு முன் ஊருக்குள் குடியேற அனுமதி பெற்றவர்களின் பெயர்கள். காகிதத்தில் அல்ல, பதப்படுத்திய ஆட்டுத்தோலில் எழுதியவை. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினார்.

"படியும்."

லீன்ஹார்ட் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. "யாக்கோப் ஷ்னைடர்! என் கொள்ளுத்தாத்தா சுவாமி. எங்கள் வம்சத்தில் இந்த ஊருக்கு முதலில் வந்தவர் அவர்தான். இன்றைக்கு அவர் வழியில் மட்டும் பதினோரு வீடு இருக்கிறோம்."

"தடவிப் பாரும்."

விரலை வைத்தார். மற்ற இடங்களில் தடிப்பாக இருந்த தோல் அந்தப் பெயருக்குக் கீழே மட்டும் மெல்லியதாக இருந்தது. முப்பது வருடம் துணியைத் தொட்டுப் பார்த்த விரலுக்கு அது உடனே தெரிந்தது.

உல்ரிக் பக்கத்தை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கத்தியால் சுரண்டிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவியது. மேலே இருந்த கறுப்பு மையின் அடியில், பழுப்பாக, முன்பு எழுதி அழித்த எழுத்துகள் தெரிந்தன. ஷ்னைடரைவிட ஒரே ஓர் எழுத்துதான் குறைவு.

லீன்ஹார்ட் எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"யார் செய்தது?"

"யாரோ ஒரு சகோதரர். பெயர் தெரியவில்லை. முதலில் அவரும் உம்மைப் போலத்தான் எழுதியிருக்கிறார்."

"பிறகு?"

"பிறகு கத்தியை எடுத்திருக்கிறார்."

கீழே ஊரில் கடைகள் திறக்கும் சத்தம் கேட்டது. அவற்றில் ஒன்று லீன்ஹார்டின் மகன்களுடையது. அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உங்களுக்கு எப்போது தெரியும் சுவாமி?"

"நீர் மடத்துக்கு வந்த வருடமே தெரியும்."

"அப்படியென்றால் அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றபோதும் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் உம்முடைய பெயருக்குப் பயந்து எழுதியிருப்பீர். அந்தப் பெண்ணுக்காக எழுதியிருக்க மாட்டீர். நீராகவே மனம் இளகி எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்."

லீன்ஹார்ட் நிமிர்ந்தார். மடத்துக்கு வந்த ஆறு வருடத்தில் முதல் முறையாகத் தன் குருவை நேருக்கு நேர் பார்த்தார்.

"நான் எதற்காக எழுதியிருந்தால் என்ன சுவாமி? அவளுக்கு அது போதுமே."

உல்ரிக்கின் கையில் ஏடு திறந்தபடியே இருந்தது. அதை மூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஆம்," என்றார். "போதும்."