நெடுங்காலின் முதுகில்

இதனைக் கேட்போர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

நெடுங்கால் என்பது ஒரு விலங்கு. அது எக்காட்டிலும் இல்லை. கோவில்பட்டியில் வாழும் பால்வண்ணன் என்னும் ஓவியர் அதைத் தம் மனத்திலிருந்து வரைந்தார். அதன் கால்கள் பனைமரங்களினும் உயரமானவை. முதுகில் ஒரு சிறு காடு. காட்டின் நடுவே ஒரு சுனை. மாதம் ஒரு படம் வெளிவரும். ஒவ்வொரு படத்திலும் நெடுங்கால் ஒரு புதிய நாட்டைக் கடந்து சென்றது. மழை மண்ணிலிருந்து மேல்நோக்கிப் பெய்யும் நாடு. மரங்களில் மணிகள் காய்த்துத் தொங்கும் பள்ளத்தாக்கு. உறங்குவோரின் கனவுகள் மீன்களாய் நீந்தும் ஏரி.

பகலில் பால்வண்ணன் பள்ளி வழிகாட்டி நூல்களுக்குப் படம் வரைபவர். பூவின் குறுக்குவெட்டு, இதயத்தின் அறைகள், மின்கலத்தின் இரு முனைகள். நெடுங்காலை மாலையில் வரைந்து, இணையத்தில் தமது பக்கத்தில் வெளியிட்டார். படத்தின் கீழே ஒரு வரி இருக்கும்: 'இப்படங்கள் தொடர விரும்புவோர் இயன்றதை அளித்து உதவலாம்.' சிலர் அளித்தனர். போதவில்லை. அவர் வரியை நீட்டினார்: 'அளிப்போர் ஒவ்வொருவருக்கும் நெடுங்காலின் முதுகில் ஒரு வீடு வரைந்து தரப்படும், வாசலில் அவர் பெயர் எழுதப்படும்.' அதன்பின் பலர் வந்தனர்.

அவருடைய ஆசிரியர் ஜெசிந்தா, ஒரு கடையின் மாடியில் ஓவிய வகுப்பு நடத்துபவர். ஆசிரியரைவிட மாணவர் வயதில் மிக மூத்தவர். ஐம்பது வயதுக்குமேல் டேப்லெட்டில் வரையக் கற்க வந்தவர், கற்று முடித்த பின்னும் வந்துகொண்டிருந்தார். மாணவர் 'டீச்சர்' என்று அழைப்பார். ஆசிரியர் 'அண்ணாச்சி' என்பார்.

ஒரு சனிக்கிழமை மாலை, வகுப்பு முடிந்து பிள்ளைகள் படியிறங்கிச் சென்ற பின், பால்வண்ணன் மாடியேறி வந்தார். ஜெசிந்தா ஒரு நாற்காலியில் அமர்ந்து மற்றொன்றின்மேல் கால்களை நீட்டியிருந்தார். நாள் முழுதும் நின்றதில் கணுக்கால்கள் வீங்கியிருந்தன.

"நிறுத்தப் போறேன் டீச்சர்."

"எதை?"

"நெடுங்காலை. வாசகர்களுக்கு அதை எப்படிச் சொல்றதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"மூச்சு வாங்குது உங்களுக்கு. நின்னுக்கிட்டேதான் நிறுத்தணுமா? உக்காந்து நிறுத்துங்க."

அவர் அமர்வதற்காக ஜெசிந்தா கால்களை இறக்கினார். பால்வண்ணன் அமர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, வலிக்கும் கண்களை அழுத்தித் தேய்த்தார்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா அண்ணாச்சி?"

"யார் சொல்லல? விளாத்திகுளத்துல ராமசுப்புன்னு ஒருத்தர். வாசல் கிழக்குப் பாத்து இருக்கணும்னார். போட்டுக் குடுத்தேன். அடுத்த மாசம் நெடுங்கால் ஆத்துப் பக்கமாத் திரும்புச்சு. 'என் வாசல் தெக்க பாக்குதே, குடும்பத்துக்கு ஆகுமா'ன்னு ஒரே சண்டை."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அன்னைக்கிலிருந்து அதைத் திருப்புறதில்ல."

ஜெசிந்தா சிரிப்பை அடக்கினார். முழுவதும் அடக்க இயலவில்லை.

"சிரிங்க டீச்சர், உங்களுக்கென்ன. பத்மாசனி அம்மா மாடி கேட்டாங்க. போட்டேன். பின்வீட்டு ஐசக் சார், அந்த மாடி மறைச்சுத் தன் வீட்டுக்கு வெளிச்சமே வரலைங்கிறார்."

"படத்துலயா?"

"படத்துலதான். அதனால அவருக்கும் ஒரு மாடி. அதைப் பாத்து எதிர்வீட்டுக்காரர். இப்பத் தெருவே மாடிவீடாப் போச்சு. நேத்து ஒருத்தர் கார் நிறுத்த இடம் கேட்டு எழுதியிருக்கார்."

"நெடுங்கால் முதுகுலயா? அந்தக் காரை எடுத்துக்கிட்டு அவர் எங்க போவார்?"

"அதை நான் கேக்க முடியுமா? காசு குடுத்திருக்கார்."

"கேக்கத்தான் ஆசையா இருக்கு எனக்கு" என்றார் ஜெசிந்தா. பிறகு சிரிப்பு நின்றது. "காடு இருந்துச்சே?"

"வெட்டிட்டேன்."

"சுனை?"

"அதுக்கு மேலதான் ஐசக் சார் வீடு."

கீழே கடையின் இரும்புக் கதவை எவரோ இழுத்து மூடும் ஓசை கேட்டது.

"வீடு குடுக்கிறதுக்கு முன்னாடியே அனுப்பிக்கிட்டிருந்தாங்களே சில பேரு. அவங்களுக்கு எங்க வீடு போட்டீங்க?"

"அவங்க கேக்கல டீச்சர்."

"இப்பவும் அனுப்புறாங்களா?"

பால்வண்ணன் யோசித்தார்.

"இல்ல. எப்ப நிறுத்துனாங்கன்னு தெரியல. கவனிக்கலை."

அவர் தலை குனிந்தே இருந்தது.

"மாசாமாசம் யாருக்கும் ஒண்ணும் விட்டுப்போயிரக் கூடாதுன்னு வீடு வீடாப் பாக்க வேண்டியிருக்கு. கதவு, சன்னல், பேரு, பேருக்குப் பின்னாடி பட்டம். ராத்திரி கண்ணை மூடுனாலும் ஓடு வரைஞ்சுக்கிட்டே இருக்கேன். போன மாசம் அது எந்த நாட்டுல நிக்குதுன்னு வரைய நேரமில்ல. பின்னணியை வெறும் வெள்ளையா விட்டுட்டேன். ஒருத்தரும் கேக்கல."

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும். அவங்கவங்க வீட்டைப் பாத்தாங்க, போயிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லல டீச்சர். நான்தானே குடுத்தேன். அவங்க இல்லேன்னா எனக்கு வரையற நேரமே கிடையாது. அவங்கதான் என்னைத் தாங்குறாங்க. அதுவும் உண்மை."

ஜெசிந்தா மறுக்கவில்லை.

"இந்த மாசப் படத்தைக் காட்டுங்க."

பால்வண்ணன் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தார். பழக்கத்தால் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வீடாகக் காட்டிச் சென்றார். கிழக்கு நோக்கிய வாசல். பத்மாசனி அம்மாளின் மாடியில் துளசிச் செடி. ஐசக்கின் சன்னலில் ஐசக்கின் முகம், மீசைகூட இருந்தது.

ஜெசிந்தா இரு விரல்களைத் திரையில் வைத்து, முழுப் படமும் தெரியும்வரை சுருக்கினார்.

"இது எப்ப உக்காந்துச்சு?"

"எது?"

"நெடுங்கால்."

பால்வண்ணன் கண்ணாடியை அணிந்துகொண்டு குனிந்தார். நான்கு கால்களும் வயிற்றின்கீழ் மடிந்திருந்தன. முட்டியின் சுருக்கங்கள்வரை நன்றாகவே வரையப்பட்டிருந்தன.

"உக்காரல டீச்சர். மாடி போட்டப்ப மேல இடம் பத்தல. படத்தோட அளவு மாத்தக் கூடாது. அதான் காலைக் கொஞ்சம் மடிச்சேன்."

"கொஞ்சம்."

பால்வண்ணன் முந்தைய மாதத்துப் படத்தைத் திறந்தார். உட்கார்ந்திருந்தது. அதற்கு முந்தையதிலும் உட்கார்ந்திருந்தது. அதற்கும் முந்தையதில் முன்கால்கள் மண்டியிட்டிருந்தன. மேலும் பின்னே செல்ல அவர் விரல் எழவில்லை. டேப்லெட்டை மடியில் கவிழ்த்துவைத்தார்.

"நான் பாக்கவே இல்ல."

ஜெசிந்தா தமது கைப்பேசியை எடுத்து, சிறிது நேரம் அதில் ஏதோ செய்தார். பால்வண்ணனின் மடியில் ஓர் ஒலி எழுந்தது. அவர் டேப்லெட்டைத் திருப்பினார். திரையின் மேற்பகுதியில் எழுதியிருந்தது: 'புதிய ஆதரவாளர்: ஜெசிந்தா.'

"என்ன டீச்சர் இது? உங்ககிட்டப் போய் நான் காசு வாங்குறதா?"

"யாரு வேணும்னாலும் குடுக்கலாம்னு உங்க பக்கத்துல போட்டிருக்கு. குடுத்துட்டேன். எனக்குச் சேர வேண்டியதைக் குடுங்க."

"சரி. வால் பக்கந்தான் இடம் இருக்கு. சின்ன வீடுதான் வரும், பரவாயில்லையா?"

"வீடு வேண்டாம்."

"வேற என்ன வேணும்?"

"அது எந்திரிக்கணும்."

"விளையாடாதீங்க டீச்சர். களைச்சுப்போய் வந்திருக்கேன்."

"விளையாடல. ராமசுப்பு காசு குடுத்துக் கிழக்கு கேட்டார். நான் காசு குடுத்து இதைக் கேக்கேன். அவருக்கு உண்டு, எனக்கு இல்லையா?"

பால்வண்ணன் பேனாவை எடுத்து, மடிந்த கால்களை அழித்தார்.

மாடு எழும்போது பின்கால்களையே முதலில் ஊன்றும். இதை அவருக்குக் கற்பித்தவர் ஜெசிந்தாதான். பால்வண்ணன் பின்னங்கால் ஒன்றில் தொடங்கினார். தொடை, முட்டி, நீண்ட கீழ்க்கால் எலும்பு, குளம்பு. முதற்கோட்டை அழித்தார். இரண்டாவதை விட்டுவைத்தார். மற்றொரு பின்காலை வரைகையில் அவர் மூச்சு சீராயிற்று. குளம்பின்கீழ் மண் வேண்டுமே என்று சிறிது மண் இட்டார். மண்ணில் ஒரு கல், கல்லருகே பெயரில்லாத ஒரு நீலப் புல். நெடுநாள் கழித்து அவர் எவரும் கேளாத ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். ஜெசிந்தா எழாமலேயே கையை நீட்டி விளக்கைப் போட்டார்.

பின்கால்கள் நிமிர்ந்தன. முன்கால்கள் இன்னும் மடிந்திருந்தன. ஆகவே முதுகு கழுத்தை நோக்கிச் சரிந்தது. பால்வண்ணன் வீடுகளையெல்லாம் ஒன்றாகத் தெரிவுசெய்து, அச்சரிவுக்கேற்பச் சாய்த்தார். தெரு சாய்ந்தது. ஓடுகள் சாய்ந்தன. பத்மாசனி அம்மாளின் மாடி படத்தின் எல்லைக்கு வெளியே சென்று மறைந்தது. கிழக்கு வாசல் தரையைப் பார்த்தது.

அவர் பேனாவை உயர்த்தினார்.

"சரியுது டீச்சர்."

"ம்."

"வீட்டுக்குள்ள ஆள் இருக்கு. சன்னல்ல முகம் வரைஞ்சிருக்கேன். என்னை நம்பி மாசாமாசம் குடுக்கிறவங்க. இது முழுசா எந்திரிச்சா அத்தனை பேரும் கீழ விழுவாங்க. உக்காந்தே இருந்தா என்னால வரைய முடியாது. ஒண்ணு அவங்க, இல்லேன்னா இது. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?"

ஜெசிந்தா வீங்கிய பாதங்களைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, நாற்காலியின் கையைப் பற்றி எழுந்தார்.

"இறங்கி நடக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."



பின்னர் நிகழ்ந்தவை இவை.

அம்மாதப் படம் காலந்தாழ்ந்து வெளியாயிற்று. அதில் நெடுங்கால் நான்கு கால்களிலும் நிற்கிறது. முதுகில் வீடுகள் இல்லை; அவை இருந்த இடம் வெறுந்தரையாய்க் கிடக்கிறது; காடு இன்னும் வளரவில்லை. கால்களுக்கு இடையிலும் பின்னாலும் சிறு உருவங்கள் நடக்கின்றன.

ராமசுப்பு அன்றே விலகினார். அவர் கேட்டபடி அம்மாதத் தொகை திருப்பி அளிக்கப்பட்டது. அவரைப் போல் விலகியோர் பலர். கார் நிறுத்த இடம் கேட்டவர் மறுமொழி எழுதவில்லை. பத்மாசனி அம்மாள் சில நாள் கழித்து, தமக்கு மூட்டுவலி உண்டென்றும், ஆதலால் தம்மைக் கைத்தடியுடன் வரைய வேண்டுமென்றும் எழுதினார், அவ்வாறே வரையப்பட்டது. தமது வீட்டின்கீழ் ஒரு சுனை இருந்ததை எவரும் தமக்குச் சொல்லவில்லையே என்று ஐசக் வருந்தினார். வீடு கேளாமல் அளித்துவந்த முதல் ஆதரவாளர்கள் திரும்பி வரவில்லை. ஜெசிந்தாவின் தொகை தவறாது வருகிறது. தம்மை வரையுமாறு அவர் கேட்கவில்லை.

படத்தின் கீழுள்ள வரி மாற்றப்பட்டது. இப்போது அது: 'நெடுங்கால் நடக்கிறது. உடன் நடக்க விரும்புவோர் இயன்றதை அளித்து வரலாம்.'

வருவாய் குறைந்ததால் பால்வண்ணன் வழிகாட்டி நூல்களுக்கு முன்னிலும் மிகுதியாக வரைகிறார். கண்வலி நீங்கவில்லை. மாதம் ஒன்றாக வந்த படம் இப்போது இரு மாதத்துக்கு ஒன்றாக வருகிறது. உடன் நடப்போர் எவரும் அதைக் குறை கூறவில்லை.